சாடி நிறைந்த டென்ட்ரோபியம்: பிரிப்பதா, குட்டி எடுப்பதா, புதிதாக வாங்குவதா?

திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கும் அக்கா ஒருவர் போன ஆனி மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஊதாப் பூப் பூக்கும் டென்ட்ரோபியம் ஓர்க்கிட். மண்சாடியின் வாய் தெரியாத அளவுக்குத் தண்டுகள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. வேர்கள் விளிம்பைத் தாண்டி, சாடியின் வெளிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு அடிவரை இறங்கியிருந்தன. இரண்டு பழைய தண்டுகளின் நுனியில் விரல் நீளக் குட்டிச் செடிகள். “தம்பி, இதைப் பிரிக்கட்டுமா, குட்டியை மட்டும் எடுக்கட்டுமா? இல்லாவிட்டால் பேராதனைப் பக்கம் போகிற மகனிடம் சொல்லிப் போத்தல் கன்று எடுப்பிக்கட்டுமா?” என்று கேட்டிருந்தார். போத்தல் கன்று என்றால் ஆய்வுகூடத்தில் போத்தலுக்குள் வளர்த்த சின்னக் கன்று.

உப்புவெளியிலிருந்தும் லிங்கநகரிலிருந்தும் இதே கேள்வி வேறு சொற்களில் எனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றில் சில பதில்களுக்காகப் பிறகு வருந்தியும் இருக்கிறேன். ஆகவே முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

இங்கே பேசப்போவது வெப்பத்தில் வளரும், பசுமை மாறாத கலப்பின டென்ட்ரோபியத்தைப் பற்றி. நமது முற்றங்களில் அதிகம் தொங்குவது இதுதான். இது ஒரு மேலொட்டி. மரத்தில் ஏறி நிற்குமே தவிர, குருவிச்சையைப் போல மரத்தின் சாற்றைக் குடிப்பதில்லை. காற்றிலும் மழையிலும் கிடைக்கும் ஈரத்தை வேரின் வெள்ளைப் பஞ்சு உறையால் உறிஞ்சி, தண்டில் சேமித்து வைத்துப் பிழைக்கும். ஆண்டுதோறும் பழைய தண்டின் அடியிலிருந்து ஒரு புதிய தண்டு பக்கவாட்டில் கிளம்பும். இப்படி நடந்து நடந்துதான் சாடி நிறைகிறது. பெருக்கும் வழிகள் எல்லாம் இந்த நடையைப் பயன்படுத்துகிறவையே.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலான குறிப்புகள் “எத்தனை செடி கிடைக்கும், எவ்வளவு காலத்தில் பூக்கும்” என்ற இரண்டையும்தான் கேட்கும். திருகோணமலையில் நான் முதலில் கேட்பது வேறு: கச்சான் எனும் தென்மேல் காற்று தொடங்குமுன் இந்தத் துண்டுக்குத் தன் சொந்த வேர் எவ்வளவு இருக்கும்?

நமது மழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வாடையோடு வருகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த நான்கு மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. கொழும்பிலும் காலியிலும் மழையைக் கொண்டுவரும் அதே தென்மேல் காற்று, மலைநாட்டைத் தாண்டி நம்மிடம் வரும்போது ஈரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, வெறும் வெப்பமாக வந்து சேர்கிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை இந்தக் காற்றுத்தான் ஆட்சி. பகலில் வெயில் 35 பாகைக்கு அருகே நிற்க, காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குச் சாடியில் இருக்காது. புதிதாக வெட்டிய துண்டுக்கு அப்போது வேர் இல்லையென்றால், அது தன் தண்டில் உள்ள நீரைத் தானே குடித்து, சுருங்கி, ஆடி அமாவாசைக்குள் கரும்புச் சக்கைபோல ஆகிவிடும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கை சும்மா இருக்கிறதே என்று, நல்ல பெரிய செடி ஒன்றை ஐந்தாகப் பிரித்தேன். “இளவேனிலில் பிரியுங்கள்” என்று எங்கோ படித்திருந்தேன். எழுதியவருக்கு இளவேனில் இருந்தது. எனக்குச் சித்திரை வெயில்தான் இருந்தது. ஐந்தில் மூன்று ஆடி முடியுமுன் போய்விட்டன. மீந்த இரண்டும் அடுத்த ஆண்டு முழுவதும் பூக்கவில்லை.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூவுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? தாய்ச்செடி எவ்வளவு இழக்கும்? அதே பூ கிடைக்குமா, வேறு பூ வருமா? வெட்டும் கத்தியால் நோய் பரவும் ஆபத்து எவ்வளவு? கடைசியாக, யாரும் கணக்கில் சேர்க்காத தண்ணீர் வேலை. ஒரு பெரிய சாடியைவிட ஐந்து சின்னச் சாடிகள் மிக விரைவாகக் காயும். ஒன்றை ஐந்தாக்கினால், பூ ஐந்து மடங்காவதற்கு வெகு காலம் முன்பே தண்ணீர் வேலை ஐந்து மடங்காகிவிடும்.

தண்ணீரின் குணமும் இதற்குள் அடங்கும். கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் கோடையில் உவர் ஏறும். அந்த நீரை ஊற்றினால் வேர் நுனி கருகும். சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படலம் படியும். மார்கழி மழையில் கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் மூடிப் பிடித்து வைப்பவருக்கு எல்லா வழிகளும் ஒருபடி எளிதாகும். குழாய்த் தண்ணீர் என்றால் ஓரிரவு வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுவது என் பழக்கம்.

## முதல் வழி: கூட்டத்தைப் பிரித்தல்

செடியைச் சாடியிலிருந்து எடுத்து, தண்டுகளை இணைக்கும் அடித்தண்டை வெட்டி, மூன்று நான்கு தண்டுகள் கொண்ட பங்குகளாக்குவது. ஒவ்வொரு பங்கிலும் இலையுள்ள இளந்தண்டு ஒன்றாவது இருக்க வேண்டும். அதன் அடியில் இன்னும் துளிர்க்காத முளைக்கண் ஒன்றாவது தெரிய வேண்டும். பழந்தண்டுகள் மட்டும் உள்ள பங்கு உயிரோடிருக்கும். ஆனால் நகரத் தொடங்கவே நெடுநாள் எடுக்கும்.

இந்த வழியின் பெரும் நன்மை, பூக்கும் வயதுள்ள செடி உடனே கையில் கிடைப்பது. நல்ல பங்கு அதே ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ பூக்கும். பூவும் தாயின் பூவேதான். நிறத்தில் இம்மியும் மாறாது.

இதில் மறைந்திருக்கும் செலவு வேரில் இருக்கிறது. மண்சாடியைப் பிடித்த வேரைப் பிய்க்காமல் எடுக்க முடியாது. சாடியை அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி வைத்தால் வேர் நெகிழும், பாதியாவது தப்பும். தப்பாத இடத்தில் நான் சாடியை உடைத்து, வேர் ஒட்டிய ஓட்டுத்துண்டோடு சேர்த்துப் புதுச் சாடிக்குள் இறக்குவேன். ஒரு சாடியின் விலை போகும், வேர் போகாது.

இரண்டாவது செலவு கத்தியில் இருக்கிறது. ஓர்க்கிட்டைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரசும், ஓடொன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரசும் வெட்டும் கருவி வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வந்துவிட்டால் மருந்து இல்லை. அதன் அடையாளமும் சில செடிகளில் வெளியே தெரியாது. ஸ்பிரிட் தடவித் துடைப்பதை வைரசுக்கு எதிராக நம்ப முடியாது. ஒவ்வொரு செடிக்கும் புதிய சவர பிளேட் ஒன்றை எடுங்கள். அல்லது கத்தியை நெருப்பில் நன்றாகச் சுட்டு, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். நான்கு வீட்டார் கூடி ஒரே கத்தியால் செடிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் பாசமான காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பங்கிட்டது செடியை மட்டும்தானா என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

வெட்டுவாயில் கறுவாத்தூள் பூசலாம், பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் அதை வேரின் மேல் தூவிவிடாதீர்கள். கறுவா ஈரத்தை உறிஞ்சி வேரைக் காயவைத்துவிடும்.

காலம் எது? தை நடுவிலிருந்து மாசி முடிவு வரை. மழை குறைந்திருக்கும், காற்றில் ஈரம் மிச்சமிருக்கும், கச்சானுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும். இதிலும் நான் கண்டுகொண்ட ஒரு தந்திரம் உண்டு. ஆவணி கடைசியில் அல்லது புரட்டாசியில் சாடியைக் கிளறாமலே அடித்தண்டை மட்டும் வெட்டி விட்டுவிடுவேன். காய்ந்த காலமாதலால் புண் அழுகாமல் ஆறும். வேர் இருந்த இடத்திலேயே இருப்பதால் இரண்டு பாதியும் வாடாது. வாடை மழையில், பழந்தண்டுகள் உள்ள பின்பாதி தனக்கென ஒரு துளிர் விடும். தை பிறந்ததும் தூக்கிப் பிரித்தால், ஏற்கெனவே தனிக்குடித்தனம் தொடங்கிவிட்ட இரண்டு செடிகள். சித்திரையில் மூன்று செடியைக் கொன்ற பிறகு கற்ற வழி இது. அதன்பின் பிரிப்பில் நான் எதையும் இழக்கவில்லை.

நட்டபின் இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். பசளை வேண்டாம். தண்டை ஒரு ஈர்க்கிலோடு அல்லது கம்பியோடு இறுகக் கட்டுங்கள். காற்றில் செடி ஆடினால் புதிய வேர் நுனி சாடிக் கரியில் உரசி முறியும். அதுதான் பலருக்குப் பிடிபடாத காரணம்.

இது யாருக்குப் பொருந்தும்? எட்டுத் தண்டுக்கு மேல் உள்ள, நடுப்பகுதி மொட்டையாகிவிட்ட செடி வைத்திருப்பவருக்கு. ஐந்தாறு தண்டுள்ள செடியைப் பிரிக்க நினைப்பவர் கத்தியைக் கீழே வைக்கலாம்.

## இரண்டாவது வழி: தண்டில் வந்த குட்டி

பூங்கொத்து வர வேண்டிய கணுவில் இலையும் வேருமாகச் சின்னச் செடி முளைக்கும். ஹவாய்க்காரர் இதைக் ‘கெய்கி’, அதாவது குழந்தை, என்கிறார்கள். நமக்கு வாழைக்குட்டி பழக்கமானதால் குட்டி என்றே சொல்லிவிடுகிறோம்.

எல்லா வழிகளிலும் இதுதான் மலிவானது. தாயைச் சாடியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. குட்டிக்கு மூன்று வேராவது வந்து, ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீற்றர் அளவு நீண்டபின், மெல்லத் திருகியோ வெட்டியோ எடுத்து, சின்னச் சாடியில் கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் இட்டு வைத்தால் போதும். பூ தாயின் பூவேதான். ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பூக்கத் தொடங்கும்.

ஆனால் குட்டி இலவசம் என்று நினைப்பது பிழை. குட்டி வந்த கணுவில் பூ வராது. அதைவிட முக்கியமாக, குட்டி பல வேளைகளில் ஒரு முறைப்பாடு. சாடிக்குள் வேர் அழுகினால், வெளிச்சம் போதாமல் போனால், தழைச்சத்துப் பசளை மிஞ்சினால், செடி பூவை விட்டுவிட்டுக் குட்டியைப் போடும். ஒரே செடியில் நான்கைந்து குட்டி வந்ததைப் பெருமையோடு காட்டுபவரிடம், சாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் அடியில் மக்கிய தேங்காய்த் தும்பும் கறுத்த வேரும்தான் இருக்கும். அப்படியான தாயின் குட்டியைக் காப்பாற்றுவது சரியே. ஆனால் முதல் வேலை தாயின் சாடியை மாற்றுவது.

நமது ஊருக்கென ஒரு திருத்தம். குட்டிக்கு வேர் வந்துவிட்டது, ஆனால் காலம் வைகாசி என்றால், எடுக்காதீர்கள். தாயின் தண்டிலேயே இருக்கட்டும். ஒரு யோகட் கோப்பையின் பக்கத்தைக் கீறித் திறந்து, உள்ளே ஈரத் தும்பு வைத்து, குட்டியின் வேரைச் சுற்றித் தண்டோடு கட்டிவிடுங்கள். தாயின் தண்ணீரும் தன் தண்ணீரும் இரண்டும் கிடைக்க, கச்சானைக் கடந்துவிடும். ஐப்பசி முதல் மழைக்குப்பின் வெட்டி எடுத்து, மழை நேராக விழாத தாழ்வாரத்தில் வைக்கலாம். இதற்குச் சாடி தேடுபவருக்கு, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிர்ச்சட்டியைப் போல ஒன்று கடையில் கிடைக்காது. மெருகிடாத மண், தட்டையான வாய், சின்ன உருவம். ஓரிரவு நீரில் ஊறப்போட்டு, ஆணியால் மெதுவாகத் தட்டினால் உடையாமல் துளை விழும். நாலைந்து துளை இடுங்கள்; ஒன்று போதாது.

## மூன்றாவது வழி: பழந்தண்டைப் படுக்கவைத்தல்

இலை உதிர்ந்த பழந்தண்டை வெட்டி, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக்கி, ஈரத் தும்பின் மேல் கிடையாக வைத்து, மேலே பொலித்தீன் மூடி நிழலில் விடுவது. கணுவிலிருந்து ஒன்றிரண்டு மாதத்தில், சிலவேளை அதற்கும் மேலாகக் காத்திருந்தபின், குட்டி முளைக்கும்.

படிக்க மிக அழகான வழி. ஒரு தண்டில் பத்துக் கணு, ஆகவே நான்கு துண்டு, ஆகவே நான்கு செடி என்று மனம் கணக்குப் போடும். கணக்குத் தவறும் இடங்கள் மூன்று. பூத்து முடிந்த கணு மீண்டும் முளைக்காது. நுனிப்பக்கக் கணுக்கள் பெரும்பாலும் அப்படியானவை. சுருங்கிய தண்டில் குட்டியை வளர்க்கச் சேமிப்பு இருக்காது. மழைக்காலத்தில் மூடி வைத்தால் அழுகும், கோடையில் மூடாமல் வைத்தால் காயும். மூடி வைத்ததை ஒருநாள் மறந்து வெயிலில் விட்டால், மாலையில் அவித்த தண்டுதான் மிஞ்சும்.

முளைத்தாலும் பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள். அதற்குள் இரண்டு கச்சான்.

தாய்க்கும் இதில் இழப்பு உண்டு. இலையில்லாத தண்டு வேலையில்லாத தண்டு அல்ல. அது செடியின் தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டுப் பெட்டி. சில நேரம் அதே பழந்தண்டு மறுபடியும் பூக்கும். ஈரமான இடங்களில் அதை வெட்டினால் செடி பொருட்படுத்தாது. நமது கோடையில் அந்தச் சேமிப்புத்தான் செடியைத் தாங்குகிறது.

அதனால் இதற்காகவென்று ஒரு நல்ல தண்டை வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. குரங்கு முறித்துப்போட்ட தண்டு, பிரிக்கும்போது தனியே வந்துவிட்ட தண்டு, இவை இருந்தால் வீசாமல் படுக்கவையுங்கள். வந்தால் வரட்டும். (கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் குரங்கோடு மானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகருக்குள் உலாவும் புள்ளிமான் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் எந்தப் பச்சையையும் மதிப்பதில்லை.)

## நான்காவது வழி: போத்தல் கன்று

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஓர்க்கிட் விதை தூசி போன்றது. ஒரு காயில் இலட்சக்கணக்கில் இருக்கலாம், ஆனால் ஒரு விதைக்குள்ளும் முளைக்குத் தேவையான சாப்பாடு இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சை அதற்குச் சோறூட்ட வேண்டும். வீட்டில் காய் வெடித்து, விதையைத் தும்பில் தூவி, ஒன்றும் முளைக்கவில்லை என்று வருந்துபவர்கள் தங்கள் கையை நொந்துகொள்ள வேண்டாம். 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த கூழில், பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்கவைக்க முடியும் என்று காட்டினார். 1960-இல் பிரெஞ்சுக்காரரான ஜோர்ஜ் மொரல், சிம்பிடியத்தின் வளர்நுனியிலிருந்து ஒரே மாதிரியான கன்றுகளைப் பெருக்கும் வழியை வெளியிட்டார். கடையில் போத்தலுக்குள் பச்சைப் புல்போல நிற்கும் கன்றுகள் இந்த இரண்டில் ஒன்றின் வழியாக வந்தவை.

எந்த ஒன்று என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். விதையிலிருந்து வந்த கன்றுகள் உடன்பிறப்புகள் மாதிரி. ஒரே போத்தலில் இருந்தாலும் ஒவ்வொன்றின் நிறமும் வடிவமும் மாறும். வளர்நுனியிலிருந்து திசு வளர்ப்பில் வந்தவை தாயின் நகல்கள். சாடியில் ஒட்டியுள்ள படத்தின் பூ வேண்டுமென்றால் இரண்டாவது வகைதான். எதிர்பாராத பூவில் மகிழ்பவருக்கு முதல் வகை.

ஒரு கன்றின் விலை மற்ற எந்த வழியைவிடவும் குறைவாகத் தெரியும். ஆனால் போத்தல் என்பது குளிரூட்டிய அறையில், நூறு வீதம் ஈரப்பதனில், கிருமியில்லாமல் வளர்ந்த பிள்ளை. கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் வந்து, போத்தல் கவிழ்ந்து, கூழ் இலைமேல் படிந்திருந்தால் அன்றைக்கே வெளியே எடுத்தாக வேண்டும். கூழைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், ஒட்டியிருக்கும் சர்க்கரை பூஞ்சையை அழைக்கும். பத்துப் பதினைந்து கன்றை ஒரே சாடியில் கூட்டமாக நட்டு, மூடியில் துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, வாரம் வாரமாக மூடியைத் திறந்து பழக்க வேண்டும். பெட்டி மாமர நிழலில் இருக்க வேண்டும். நேர்வெயில் ஒரு மணி நேரம் பட்டால் போதும், எல்லாம் வெந்துவிடும்.

கன்று பூக்க இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பெட்டி, சாடி, நிழல்வலை, பசளை, இறந்த கன்றுகளின் விலை எல்லாவற்றையும் கூட்டினால், பூத்த செடி ஒன்றை நேரே வாங்கியிருக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். இடைவழி ஒன்று இருக்கிறது: போத்தலைவிட்டு வெளியே வந்து ஆறேழு மாதமான சின்னச் சாடிக் கன்று. விலை சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆனால் மிக ஆபத்தான கட்டத்தை வேறொருவர் கடந்து கொடுத்திருப்பார். அதிலும் ஈரமான பக்கத்தில் வளர்ந்த இலை மென்மையாக இருக்கும். தையில் வாங்கினால் நமது வெயிலுக்குப் பழக நேரம் கிடைக்கும், வைகாசியில் வாங்கினால் கிடைக்காது.

இந்த வழிக்கென்று ஒரு தனிச் சிறப்பு உண்டு. புதிய நிறம் வேண்டுமானால் இதுதான் வழி. மற்ற மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பூவைத்தான் பெருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் கன்று வருவிக்க நினைப்பவர்கள், உயிருள்ள தாவரத்துக்கு இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

## ஐந்தாவது வழி: கைவைக்காமல் விடுதல்

இதை யாரும் ஒரு வழியாக எண்ணுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நிறைந்த சாடி செடிக்குத் தொல்லை அல்ல. டென்ட்ரோபியம் நெருக்கத்தை விரும்பும். பதினொரு தண்டு ஒன்றாக நின்றால் ஆறேழு பூங்கொத்து ஒரே நேரத்தில் வரலாம். பிரித்துவிட்டால் அந்தக் காட்சி அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு இல்லை. வேர் வெளியே தொங்குவதும் நோயல்ல, மேலொட்டியின் இயல்பு. காய்ந்த வேர் வெள்ளையாகவும் நனைந்த வேர் பச்சையாகவும் இருந்தால், நுனி பளபளவென்று இருந்தால், செடி நலமாக இருக்கிறது. பழைய சாடியை அப்படியே ஒரு பெரிய சாடிக்குள் இறக்கி, இடைவெளியில் கரித்துண்டு நிரப்பிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடும்.

சாடிக்குள் இருக்கும் பொருள் மக்கிவிட்டால் மட்டும் இந்த வழி செல்லாது. கரியும் ஓடும் மக்காது. தேங்காய்ப் பொச்சும் தும்பும் இரண்டு மூன்று ஆண்டில் மக்கி, வாடை மழையில் சேறாகும். அதற்குள் வேர் மூச்சுத்திணறும். விரலை விட்டுப் பாருங்கள். புளித்த மணம் வந்தால் கைவைத்தே ஆக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பூவுக்குக் காத்திருப்பு | கச்சானுக்கு முன் வேர் | தாய்க்கு இழப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பிரித்தல் | சில மாதம் முதல் ஓராண்டு | தை, மாசியில் செய்தால் உண்டு | பெரிது | முறியும் வேர், கத்தி வழி வைரஸ் |
| குட்டி | 1 முதல் 2 ஆண்டு | தாயிலேயே விட்டால் உண்டு | சிறிது | இழந்த பூங்கொத்து |
| பழந்தண்டு | 2 முதல் 3 ஆண்டு | அரிது | நடுத்தரம் | சேமிப்பு நீர், அழுகல் |
| போத்தல் கன்று | 2½ முதல் 3 ஆண்டு | முதல் ஆண்டில் பலவீனம் | இல்லை | பெட்டி, நிழல்வலை, இறப்பு |
| விட்டுவிடுதல் | காத்திருப்பே இல்லை | இருக்கிற வேர் இருக்கிறபடி | இல்லை | பெரிய சாடி, தூக்கும் முதுகு |

## வண்டா வைத்திருப்பவர்கள்

மேலே சொன்ன எதுவும் வண்டா என்ற இன்னொரு ஓர்க்கிட் வகைக்கு அப்படியே பொருந்தாது. அது பக்கவாட்டில் நடப்பதில்லை, ஒரே தண்டாக மேலே ஏறும். உயரமான வண்டாவின் நுனிப்பகுதியை, அதில் மூன்று நல்ல வேராவது இருக்கும்படி வெட்டினால் மேல்பாதி புதுச் செடி. கீழ்ப்பாதி பக்கத்தில் துளிர்க்கும். காலம் மட்டும் அதே தை, மாசி.

காட்டிலிருந்து எடுத்துவரலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வரண்ட வலயத்து மரங்களில் வண்டா டெஸெலாட்டா இருக்கிறது. நரிவால்போலப் பூங்கொத்து தொங்கும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவுக்கு இலங்கையில் வழங்கும் பெயரே மட்டக்களப்பு ஓர்க்கிட். ஆசை புரிகிறது. ஆனால் மரப்பட்டையிலிருந்து உரித்தெடுத்த செடி தன் வேரில் பெரும்பகுதியை மரத்திலேயே விட்டுவிட்டு வருகிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், அது சாடியில் பிழைப்பது அரிது. வெசாக் ஓர்க்கிட் எனப்படும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே இலங்கைக்கே உரியது. ஈரவலயத் தாழ்நிலக் காட்டின் ஈரம் அதற்கு வேண்டும். திருகோணமலை முற்றத்தில் அதை வைப்பது செடிக்குச் செய்யும் கொடுமை.

## பாலையூற்று அக்காவுக்குச் சொன்னது

அவர் கேட்டது ஆனியில். ஆகவே முதல் பதில்: இப்போது எதையும் வெட்ட வேண்டாம். குட்டி இரண்டுக்கும் யோகட் கோப்பை கட்டச் சொன்னேன். சாடியைச் சுவரின் கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னேன்; கச்சான் நேரே படாது, காலை வெயில் கிடைக்கும். விடியுமுன் ஒருமுறை, பொழுது சாயுமுன் ஒருமுறை தண்ணீர். இரண்டாவது தண்ணீர் இலையில் தேங்காமல் இரவுக்குள் காய வேண்டும். புரட்டாசியில், முன் ஐந்து தண்டுக்கும் பின் ஆறு தண்டுக்கும் நடுவே அடித்தண்டில் ஒரே ஒரு வெட்டு. பிரிப்பது தையில்.

போத்தல் கன்று வேண்டாம் என்றேன். அவருக்கு முழங்கால் வலி. பெட்டியைத் திறந்து மூடி, குனிந்து நிமிர்ந்து மூன்று ஆண்டு பார்க்க முடியாது. மகன் போகிறார் என்றால், வெள்ளைப் பூவில் ஒரு வளர்ந்த கன்று வாங்கிவரட்டும், அதுவும் தைக்குப் பிறகு.

“அதற்குள் வேர் இறுகிச் சாடி வெடித்துவிட்டால்?” என்று கேட்டார்.

வெடித்தால் ஓட்டைப் பொறுக்கி எறிந்துவிடாதீர்கள் அக்கா, வேர் ஒட்டிய துண்டோடு அப்படியே பெரிய சாடிக்குள் இறக்கிவிடுங்கள் என்றேன். ஆவணியில் வெடித்தது. இறக்கிவிட்டார்.